பவுடர் மேல் போட்ட பழி

எங்கள் ஊரில் ஒருவருக்கு இருமல் வந்தால் அதற்குக் காரணம் ஏற்கெனவே தயாராக இருக்கும். பட்டாசு ஆலையில் வேலை என்றால் பவுடர். தீப்பெட்டி ஆபீஸ் என்றால் கந்தகம். அச்சகம் என்றால் காகிதத் தூசி. எங்கும் போகாமல் வீட்டில் சும்மா கிடப்பவருக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த பவுடர். மனிதருக்கு மனிதர் ஒட்டிக்கொள்கிற சளி என்று ஒன்று இருக்கிறது, அது சிவகாசிக்கும் பஸ் ஏறி வரும் என்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நானும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது என் மேல் உங்களுக்கு மரியாதை குறையும். குறையட்டும்.

என் வீட்டுக்காரர் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவர். அலுமினியப் பவுடர் எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அது வெள்ளி மாதிரி மினுங்கும், மாவைவிட நைசாக இருக்கும், குளித்தாலும் போகாது. எங்கள் கல்யாண போட்டோவில் பெண் கையைவிட மாப்பிள்ளை கைதான் பளபளப்பு. போட்டோக்காரர் அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

என் மாமனார் அதே வேலையில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலை வாசலில் ஆட்களை நிறுத்திச் சட்டைப்பையைத் தடவி, வேட்டி மடிப்பை உதறச் சொல்லி, தீப்பெட்டி, பீடி, செல்போன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார். அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. அடுத்த தெருவில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார், ஆனால் எனக்குப் பெண் குழந்தை பிறந்த நாளிலிருந்து காலையும் மாலையும் டியூட்டி எங்கள் வீட்டு வாசலில்தான். வாசலில் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, தேய்க்கத் தேங்காய் நார். காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஆணி. ஆலைச் சட்டை அந்த ஆணியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

"கையக் காட்டுலே."

முப்பத்திரண்டு வயது மகன் கையை நீட்டுவார்.

"திருப்பு. நகத்தக் காட்டு. இது என்ன மினுங்குது? போ, போ, இன்னொருக்கா கழுவு."

மூன்று தடவை கழுவினால்தான் மகளைத் தொட விடுவார். இதை நான் குறை சொல்லவில்லை. பவுடர் பிள்ளைக்கு ஆகாது, அது சரிதான். எனக்கு எரிச்சல் என்னவென்றால், இந்த வாசல் சோதனை ஒரே ஒரு ஆளுக்குத்தான். சாத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். ஒருத்திக்கு மூக்கு ஒழுகும், அவள் மகனுக்கு அதைவிட ஒழுகும். சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பாள். மாமனார், "வாங்க, வாங்க, காப்பி சாப்பிடுறீகளா?" என்பார். வாளி பக்கத்திலேயே இருக்கும். அதில் காக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளை மூடிவிடுவார்கள். மறுபடி பூஜை போட்டுத் திறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆனால் அச்சகங்களுக்கு அப்போதுதான் உச்ச சீசன், ஊர் முழுக்கக் காலண்டர் ஓடும். நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓர் அச்சகத்தில் தினசரி காலண்டருக்குத் தாள் அடுக்குகிறவள். பிள்ளைக்கு மூன்றரை மாதம். மேஜையில் என் இடத்தை விட்டுவிட்டால் அடுத்த சீசனுக்குக் கிடைக்காது. அவருக்கோ வேலை இல்லை. அதனால் நான் வேலைக்குப் போனேன், அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்.

தெருவுக்கு இது பெரிய வேடிக்கை. டீக்கடையில் ஒருவர் கேட்டாராம், "என்னப்பா, பால் குடுக்கிறது ஒண்ணுதான் பாக்கி போல?"

"ஆர்டர் போட்டுருக்கேண்ணே, லோடுதான் இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் என்னைவிட அவர்தான் பிள்ளையை நன்றாகப் பார்த்தார். மருந்து அடைக்கிறவர் கை நடுங்கக்கூடாது, அவசரப்படக்கூடாது, எதையும் டொக்கென்று கீழே வைக்கக்கூடாது, உரசக்கூடாது. பிள்ளை வளர்க்க இதைவிட என்ன பயிற்சி வேண்டும்? முன்கையில் அவளைக் குப்புறப் போட்டு, ஒரு கையால் முதுகைத் தட்டிக்கொண்டே வீடு முழுக்க நடப்பார். நான் தூக்கினால் அழுகிறவள் அவர் கையில் வாயைத் திறந்து தூங்குவாள். பிறந்த நாளிலிருந்து மூன்று தடவை கழுவி, ஐந்து நிமிஷம் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தவருக்கு அந்த ஒரு மாதம்தான் மகள் முழுசாகக் கிடைத்தாள்.

இனி என் வேலையைப் பற்றி. நாள்தாள்களை வரிசையாக எடுத்து அடுக்கிக் கத்தையாக்க வேண்டும். தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலை நனைக்க ஈரப் பஞ்சு வைத்த டப்பா கொடுத்திருக்கிறார்கள். பத்து மணிக்குப் பஞ்சு காய்ந்துவிடும். எழுந்து போய் நனைத்து வருவதற்குள் நாலு கத்தை போய்விடும். அதனால் விரல் நாக்குக்குப் போகும், நாக்கிலிருந்து தாளுக்குப் போகும். நான் அடுக்கியதைப் பக்கத்திலிருப்பவள் சரிபார்ப்பாள், அவளும் நாக்கில் தொடுவாள், அதற்கு அடுத்தவளும். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாம் எங்கள் ஆறு பேர் எச்சில் பட்டுத்தான் வந்திருக்கிறது. சாமி படத்தை மட்டும் மெஷின் ஒட்டுகிறது, கவலைப்படாதீர்கள்.

அந்த வருஷம் கார்த்திகை மழை விடாமல் பெய்தது. மேஜை முழுக்க இருமல். எனக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை உடம்பு சுட்டது, மூக்கு ஒழுகியது, தொண்டை கட்டியது. மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் கேட்டதற்கு, "காகிதத் தூசிண்ணே" என்றேன். அவரும் தலையாட்டினார். தூசி என்றால் லீவு வேண்டாம், சளி என்றால் ஒரு நாளாவது வீட்டில் இரு என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு பேருக்குமே தூசிதான் வசதி.

அச்சகம் வீட்டிலிருந்து இரண்டு தெரு. பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவேன். இருப்பது பதினைந்து நிமிஷம். வாசலில் வாளி இருக்கும். அதைத் தாண்டி உள்ளே போய், தாளும் எச்சிலும் பட்ட அதே விரலால் பிள்ளையின் வாயைத் திறந்து பால் கொடுப்பேன். அவள் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவேன். வாளி எனக்காக வைத்ததா என்ன?

வியாழக்கிழமை பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. வெள்ளிக்கிழமை இருமினாள். சனிக்கிழமை மத்தியானம் நான் வந்தபோது பால் குடிக்கவில்லை. இரண்டு வாய் குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், அழுவாள், மறுபடி இரண்டு வாய். நெஞ்சுக்குள் பூனை உறுமுவது மாதிரி ஒரு சத்தம். நான் அன்றைக்கு வேலைக்குத் திரும்பிப் போகவில்லை.

மாமனார் வந்து குனிந்து காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தார். முப்பது வருஷ அனுபவம் பேசியது.

"பவுடர்."

"என்ன மாமா?"

"நெஞ்சுல பவுடர் எறங்கிருச்சு. இந்தச் சத்தத்த எத்தனை பேர்ட்ட கேட்டுருக்கேன். ஏலே, எத்தனை நாளாப் பிள்ளையத் தூக்கிட்டு அலையுத? ஒழுங்காக் கழுவுனியா?"

"ஆலைய மூடி இருவத்திமூணு நாளாச்சு மாமா. பவுடர் என்ன, தபால்லயா வந்துச்சு?" என்றேன் நான். அதுவரை எனக்கு மூளை இருந்தது.

"நகக்கண்ணுல இருக்கும்மா. தோலுக்குள்ள இருக்கும். நான் வேலைய விட்டு ஆறு வருஷமாச்சு, இன்னைக்கும் வேத்தா எனக்குச் சட்டை மினுங்கும்."

வீடு கழுவும் படலம் ஆரம்பித்தது. பாய், தலையணை, தொட்டில் சேலை, கொடியில் கிடந்த துணி, என் வீட்டுக்காரரின் பழைய சட்டைகள் எல்லாம் தெருவுக்குப் போயின. வெளியே மழை. ஈரத்தை ஈரத்தில் காயப்போட்டோம். பிறகு மருத்துவம். ஆலையில் வேலை முடிந்ததும் வாழைப்பழம் தின்பார்கள், தொண்டையில் இருக்கிற பவுடரை அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. நாலு மாதப் பிள்ளைக்குப் பழம் கொடுக்க முடியாது என்று மாமனாருக்கே தெரிந்திருந்தது, அந்த மட்டும் புண்ணியம். அதனால் நான் தின்றால் பால் வழியாகப் போய்ப் பிள்ளையின் பவுடரை எடுத்துவிடும் என்று முடிவு செய்தார். ஒரு சீப்பு வந்தது. எட்டுப் பழம் தின்றேன். சிரிக்காதீர்கள். உங்கள் பிள்ளை அப்படி மூச்சு விடும்போது யாராவது செங்கல்லைத் தின்னச் சொன்னாலும் எத்தனை என்றுதான் கேட்பீர்கள்.

அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. பிள்ளை மூச்சு விட முடியாமல் அழுதது. என் வீட்டுக்காரர் பழக்கத்தில் முன்கையை நீட்டி, "குடு, நான் கொஞ்சம் தூக்குறேன்" என்று வந்தார்.

"தொடாதீக."

நின்றார்.

"இந்தக் கைய வச்சுத்தான பிள்ளையத் தொட்டீக? போதும். இனிமே என் பிள்ளை மேல கையப் பட விடாதீக."

அவர் கையைத் தன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கொல்லைப்பக்கம் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. தபால் கதை பேசிய அதே வாய்தான் இதையும் பேசியது. பொய் என்று தெரிந்தும் சொன்னேன். யாராவது ஒருவர் மேல் கோபப்பட வேண்டியிருந்தது, அவர் பக்கத்தில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை அழுவதையும் நிறுத்திவிட்டாள். சத்தம் குறைந்துவிட்டது, தேவலை என்று மாமனார் சொன்னார், நானும் நம்பினேன். பழம் வேலை செய்கிறதாம்.

பக்கத்து வீட்டு அக்கா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சர்ச்சுக்குப் போய்விட்டு, பைபிளும் கையுமாக வந்தவர், தெருவில் எங்கள் பாயும் தலையணையும் கிடப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன, வீட்டக் காலி பண்றீகளா?"

"பாப்பாவுக்கு நெஞ்சுல பவுடர்க்கா."

"பவுடரா? சட்டையக் கழட்டு."

"குளுருமேக்கா..."

"கழட்டுன்னா கழட்டு."

கழற்றினேன். அக்கா பைபிளை மடியில் வைத்துவிட்டு, செல்போனில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிள்ளையின் வயிற்றைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினார். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுந்து எழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. இரண்டு நாளாகச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் துண்டு என்று பொதிந்து வைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நெஞ்சில் பவுடர் என்று சொன்னவர்கூட நெஞ்சைத் திறந்து பார்க்கவில்லை.

"எழுபதுக்கு மேல ஓடுது. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

யோசித்தேன். தெரியவில்லை. வாசலில் நின்ற அவர்தான் சொன்னார், "நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. அதுக்கப்புறம் துணி நனையல." தொடக்கூடாது என்று சொல்லப்பட்டவர் தூரத்திலிருந்து எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அழுகாம இருக்கிறது குணமானதுனால இல்ல. அழுகத் தெம்பு இல்ல. எந்திரி, ஆட்டோவக் கூப்பிடு. ஏம்மா, அந்த வாழைப்பழத்தக் கீழ போடு."

ஒன்பதாவது பழம் என் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான டாக்டரம்மா சின்ன வயது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், காலில் சிவப்பு வெளிச்சம் எரிகிற ஒரு கிளிப்பை மாட்டினார், அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் உடனே ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார். மூக்குக்குள் மெல்லிய குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. என் பிள்ளையின் முகத்தில் பாதி பிளாஸ்திரிதான். பால் குடிக்கத் தெம்பு வரும்வரை, நான் பீய்ச்சிக் கொடுக்கிற பாலை இன்னொரு குழாய் வழியாக வயிற்றுக்கு விட வேண்டும் என்றார்.

மாமனார் முன்னால் வந்தார். "டாக்டரம்மா, இவன் பட்டாசுக் கம்பெனி. பவுடர் வேலை. அதுதான்..."

"இது பவுடர் இல்லங்கய்யா. பிரான்கியோலைட்டிஸ். வைரஸ் கிருமி. பெரியவங்களுக்கு வந்தா வெறும் ஜலதோஷம். இந்த வயசுப் பிள்ளைக்கு நெஞ்சுக்குள்ள மூச்சுக்குழாய் கடைசியில நூல் மாதிரிப் பிரிஞ்சு போகும். அது வீங்கி, சளி அடைச்சுக்கிட்டா காத்து போய்வர முடியாது. மழைக்காலம்ல, வார்டு முழுக்க இதுதான்."

"அப்ப நல்ல ஊசியாப் போட்டு விடுங்க."

"ஊசி வேண்டாம். இதக் கொல்ற மருந்து கிடையாது. ஆக்ஸிஜன் குடுப்போம், மூக்கச் சுத்தம் பண்ணுவோம், பால் உள்ள போறதப் பாத்துக்குவோம். சரியாகிற வரைக்கும் பிள்ளையத் தாங்கிப் பிடிச்சுக்கணும், அம்புட்டுதான்."

"அம்புட்டுதானா? இதுக்கா இத்தன வருஷம் படிச்சீக?"

டாக்டரம்மா சிரித்தார். "ஊசி வேண்டாம்னு சொல்றதுக்குத்தாங்கய்யா ரொம்ப வருஷம் படிக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வீட்ல யாருக்காவது பத்து நாளைக்குள்ள சளி, இருமல் இருந்துச்சா?"

மாமனார் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"இல்ல" என்றேன்.

"உங்க தொண்டை கட்டியிருக்கே?"

"காகிதத் தூசி. நான் காலண்டர் வேலை."

டாக்டரம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். "தூசியோ சளியோ, மாஸ்க் போடுங்க. பிள்ளையத் தொடும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. பால் தாராளமாக் குடுக்கலாம்."

பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கிளிப் காட்டுகிற ஆக்ஸிஜன் எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் மெஷின் கத்தும். கத்தும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கத்துவதுபோல இருந்தது. மெஷினுக்கு அந்த வேலை கிடையாதுதான்.

அடுத்த கட்டிலில் விருதுநகர்ப் பக்கத்து டீச்சர் ஒருவரின் பிள்ளை. ஐந்து மாதம். அதே சத்தம், அதே குழி, அதே பிளாஸ்திரி. அதற்கு அடுத்தது ஒரு மளிகைக் கடைக்காரர் பேரன். அந்த வீடுகளில் ஒரு கம்பி மத்தாப்புக்குக்கூட இடமில்லை. டீச்சர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், "என் மூத்தவன் ஸ்கூல்ல இருந்து மூக்க ஒழுகவிட்டுட்டு வந்து இவ மேல வழிச்சுட்டான். உங்க வீட்ல யாரு?"

பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்து போனேன். கழுவ ஒரு டம்ளர்தான் இருந்தது. பத்து நிமிஷம் கழுவினேன்.

இரண்டு நாள் என் வீட்டுக்காரர் வார்டுக்கு வெளியே பெஞ்சிலேயே இருந்தார். சாப்பாடு வாங்கி வருவார், மருந்துச் சீட்டுக்கு ஓடுவார், கண்ணாடி வழியாக எண்ணைப் பார்ப்பார். உள்ளே வரமாட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைக்குக் கொஞ்சம் தெளிவு. குழி ஆழம் குறைந்திருந்தது. மூக்கு மட்டும் அடைத்திருந்தது. வார்டு சிஸ்டர் உப்புத் தண்ணீர் சொட்டு விட்டு உறிஞ்சி எடுக்க வந்தார். பிள்ளை உதறினாள். என் கை நடுங்கியது. இரண்டு நாளாகத் தூங்காத கை.

"ஆடாமப் பிடிக்கணும்மா. நீங்க ஆட்டுறீக. அப்பா எங்க? அப்பா, இங்கன வாங்க, வந்து பிடிங்க."

அவர் வாசலில் நின்றார். "நான் வேண்டாம் சிஸ்டர். நான் பட்டாசு வேலை."

"அதுக்கு?"

"கையில பவுடர் இருக்கும்."

"காட்டுங்க."

முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து நீட்டினார். அப்பாவிடம் காட்டிப் பழகின மாதிரியே முதலில் உள்ளங்கை, பிறகு திருப்பி நகம். பவுடர் இல்லை. ஒரு மினுக்கமும் இல்லை. தோலும் இல்லை. விரல் நுனிகள் சிவந்து, ரத்தம் காய்ந்து, இரண்டு இடத்தில் நீர் கோத்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கொல்லையில் கேட்ட தண்ணீர்ச் சத்தம் என்னவென்று அப்போது தெரிந்தது. துணி துவைக்கிற கல்லில் தேய்த்திருக்கிறார்.

"என்னப்பா இது புண்ணு?" என்றார் சிஸ்டர்.

"நான்தான்" என்றேன்.

"நீங்க என்ன பண்ணுனீக?"

"சளி எனக்குத்தான் வந்துச்சு. போன செவ்வாக்கிழமை. காச்சலோட வேலைக்குப் போனேன். கையக் கழுவாமத்தான் பால் குடுத்தேன். தூசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். போதுமா?"

ஏதோ அவர்கள் என்னை அடித்துக் கேட்ட மாதிரி கத்தினேன். உண்மையைச் சொல்லும்போதும் எனக்குச் சண்டை போடத்தான் தெரியும். டீச்சர் தன் பிள்ளையின் துண்டைச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் வந்த மாமனார் தூக்கைக் கீழே வைத்தார். எதையாவது கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அப்ப அந்தப் பழம்?"

"செரிச்சிருச்சு மாமா."

என் வீட்டுக்காரர் தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத சனிக்கிழமையே சொல்லியிருந்தா என்னட்டி? தோலாவது மிஞ்சியிருக்கும்ல?"

அவ்வளவுதான் சொன்னார். சிஸ்டர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்து, இரண்டு கைக்கும் ரப்பர் கையுறை மாட்டி அனுப்பினார். அவர் பிள்ளையின் தலையை ஒரு கையில் ஏந்தி, இன்னொரு கையால் அவளுடைய இரண்டு கையையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தார். மருந்து அடைக்கிறவர் கை. ஒரு மயிரிழை ஆடவில்லை. ஒரே இழுப்பில் நூல் நூலாகச் சளி வந்தது. நான்கு நாளுக்குப் பிறகு என் மகள் மூக்கு வழியாகச் சத்தமில்லாமல் மூச்சு விட்டதைக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது தப்பு. ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். இருமல் இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கும், பால் குடித்து, மூச்சு சாதாரணமாக இருந்தால் பயப்பட வேண்டாம், விலாவில் குழி விழுந்தால் யாரிடமும் யோசனை கேட்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். 'யாரிடமும்' என்று சொல்லும்போது மாமனாரைப் பார்த்தார். பவுடர் வேலை முடிந்து வந்தால் கை கழுவிக் குளிக்கத்தான் வேண்டும், அதையும் விடக்கூடாது, கல்லில் தேய்க்கத் தேவையில்லை என்று என் வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னார்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கு அது வராது. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைய முடியாமல் அவர் கரண்டியால் தின்பதைப் பார்த்துவிட்டு, நானே பிசைந்து தட்டில் வைத்தேன். "கையக் கழுவுனியா?" என்றார். கழுவிவிட்டுத்தான் பிசைந்தேன். அதன்பிறகு பேசினார்.

அச்சகத்துக்கு நான் போகவில்லை. மேஜையில் என் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள். அவளுக்கும் இருமலாம். அங்கே அது இன்னும் தூசிதான்.

ஒரு வாரம் கழித்து மாமனார் வாசலில் வந்து நின்று தும்மினார். நான் வாளிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"மாமா, நில்லுங்க."

"என்னம்மா?"

"சளி பிடிச்சுருக்கா?"

"அட, இது சும்மா மழைத் தூத்தல்..."

"உள்ள விட முடியாது மாமா."

"நான் யாரு தெரியுமா? ஃபோர்மேன்! முப்பது வருஷம் வாசல்ல நின்னவன்!"

"தெரியும் மாமா. அதுனாலதான் உங்களுக்குப் புரியும்னு சொல்றேன்."

கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு ஜன்னலுக்கு நேராகத் தெருவில் போய் நின்றுகொண்டு, வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேத்தியைக் கூப்பிட்டார். ஐந்து நாள் அப்படித்தான் பார்த்தார். தெருவில் போகிறவர்கள், "என்னய்யா, வெளிய நிக்கீக?" என்று கேட்டால், "உள்ள செக்கிங் நடக்குது" என்பார்.

பூஜை போட்டு ஆலை திறந்தார்கள். முதல் நாள் வேலை முடிந்து அவர் வந்தார். சட்டை ஆணியில் தொங்கியது. வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கை கழுவினார். விரலில் புதுத்தோல், அதன் ஓரத்தில் மறுபடி வெள்ளி. மாமனார் வாய் திறக்கப் போனார், நான் பார்த்தேன், மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் குளித்து வந்து, திரும்ப வாளிக்குப் போகாமல், முன்கையை நீட்டினார். நான் பிள்ளையை அதில் குப்புறப் போட்டேன். அவள் வாயைத் திறந்து தூங்கிப்போனாள். அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சு போய்வந்துகொண்டிருந்தது, விலாவில் குழி இல்லை.